வேலைத்தரம் இறங்கும்போது: பயிற்சிக்கு அனுப்பும் முன்னும் காசைக் கூட்டும் முன்னும் பார்க்க வேண்டியவை

ஏர்கான் பொருத்திப் பராமரித்துக் கொடுக்கும் ஒரு சிறு நிறுவனத்தில் பதினாறு வருடமாகக் குழுக்களைப் பார்த்துக்கொள்கிறேன். பட்டறை சிங்கப்பூரில், காக்கி புக்கிட்டில். இப்போது 23 பேர். பாதிக்கு மேல் தமிழ்நாட்டிலிருந்து வேலை அனுமதிச்சீட்டில் வந்தவர்கள்; மற்றவர்கள் சிங்கப்பூரர், மலேசியர், பங்ளாதேஷ்காரர். இத்தனை வருடத்தில் இயந்திரக் கோளாறைவிட அதிகமாக என்னை அலையவிட்டது இன்னொரு கோளாறு: நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஆளின் வேலை இறங்கிப் போவது.

அப்படி ஆகும்போது முதலாளிமார் பெரும்பாலும் இரண்டு வழிதான் பார்க்கிறார்கள். ஒன்று, "ஆளைக் கோர்ஸுக்கு அனுப்பு." இன்னொன்று, "மாதம் நூறு வெள்ளி கூட்டிப் போடு." (வெள்ளி என்றால் சிங்கப்பூர் டாலர்.) இரண்டுக்கும் செலவு உண்டு. இடம் மாறிக் கொடுத்தால் இரண்டும் நிலைமையைக் கெடுக்கும். வேலை தெரியாதவருக்குக் காசைக் கூட்டினால், தெரியாததை மறைக்கப் பழகிக்கொள்கிறார். வேலை தெரிந்தும் சம்பளத்தில் மனம் கசந்தவரைக் கோர்ஸுக்கு அனுப்பினால், சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டு வேறு இடம் தேடுகிறார். அதனால் முதலில் கோளாறு எங்கே என்று பார்ப்போம். உங்கள் இடத்தில் தெரியும் அறிகுறியைத் தேடி அங்கிருந்து தொடங்குங்கள். காரணங்களைச் செலவில்லாததிலிருந்து செலவானது வரை வரிசையாக வைத்திருக்கிறேன். நடுவில் தாண்டிப் போகாதீர்கள்.

தொடங்கும் முன் இரண்டு சோதனை

முதலாவது: இறங்கியது ஒருவரா, எல்லாருமா? ஒரே மாதத்தில் எல்லாரும் சேர்ந்து இறங்கினால் ஆள்களை விட்டுவிடுங்கள். அந்த மாதம் என்ன மாறியது என்று பாருங்கள். புதிய செயலி, புதிய சப்ளையர், வேன் குறைந்தது, அட்டவணை போடுபவர் மாறியது, இவற்றில் ஒன்றாக இருக்கும்.

இரண்டாவது: அவர் பக்கத்தில் நின்று, அந்த வேலையை ஒரு தடவை செய்யச் சொல்லுங்கள். பரீட்சை வைப்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டாம். ஏணியைப் பிடியுங்கள், டார்ச் அடியுங்கள். நீங்கள் நிற்கும்போது சுத்தமாகச் செய்கிறார் என்றால் திறமை இருக்கிறது. நேரம், சாமான், சம்பளம், மனம் என்று அந்தப் பக்கம் தேடுங்கள். நீங்கள் நின்றும் தடுமாறினால் எந்தப் படியில் தடுமாறுகிறார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். கீழே பல இடத்தில் இந்தக் குறிப்பு தேவைப்படும்.

அறிகுறி 1: முடித்த வேலைக்கே மறுபடி கம்ப்ளைன்ட் வருகிறது

எங்கள் தொழிலில் இது "தண்ணி சொட்டுது" என்று வரும். சர்வீஸ் செய்து பத்து நாள்கூட ஆகியிருக்காது. உங்கள் தொழிலில் திரும்பி வரும் பில்லாக இருக்கலாம், மறுபடி தட்டச்சு செய்யும் அறிக்கையாக இருக்கலாம். வழி ஒன்றுதான்.

*வேலைச் சீட்டில் என்ன எழுதியிருந்தது?*

கடைசியாக வந்த பத்து கம்ப்ளைன்டை எடுங்கள். வாடிக்கையாளர் அலுவலகத்துக்கு அனுப்பிய வாட்ஸ்அப்பை ஒரு பக்கம், ஊழியர் கைக்குப் போன சீட்டை இன்னொரு பக்கம் வையுங்கள். நாங்கள் முதன்முதலாக இப்படி வைத்துப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. அந்த அம்மா தெளிவாக எழுதியிருந்தார்: "மாஸ்டர் பெட்ரூமில் ராத்திரி மட்டும் சொட்டுகிறது, பக்கத்தில் குழந்தைக் கட்டில் இருக்கிறது." சீட்டில் இருந்தது "சர்வீஸ், 4 யூனிட்." போன தம்பி நான்கையும் ஒழுங்காகக் கழுவிவிட்டு வந்திருக்கிறார். எது சொட்டுகிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சீட்டில் ஒரு வரி கூட்டினோம்: "வாடிக்கையாளர் சொன்னது." அதற்குச் செலவு ஒரு காசு இல்லை.

சீட்டு சரியாக இருந்தால் அடுத்ததற்குப் போங்கள்.

*நேரம் போதுமா?*

ஒரு நாள் அட்டவணையை எடுத்து நீங்களே மனத்தில் ஓட்டிப் பாருங்கள். காலையில் ஈசூன், அப்புறம் ஜூரோங் வெஸ்ட், மதியம் தெம்பனிஸ் என்று தீவின் மூன்று மூலை. நடுவில் கொண்டோ எனும் தனியார் அடுக்குமாடியில் பாதுகாவலரிடம் பதிவு, லாரி நிறுத்த இடம், லிஃப்டுக்குக் காத்திருப்பு. ஒரு தடவை திருவாரூர்த் தம்பி ஒருவரிடம் ஏன் தண்ணீர் தேங்கும் டிரேயைக் கழற்றவில்லை என்று கேட்டேன். "அண்ணே, ஒரு மணி நேரத்துல நாலு ஃபேன் காயிலு எப்படிண்ணே கழட்டி மாட்டுறது? நீங்களே சொல்லுங்க" என்றார். (ஃபேன் காயில் என்றால் அறைக்குள் இருக்கும் யூனிட்.) நானே போய்ச் செய்து பார்த்தேன். முடியவில்லை. அவருக்கு வேலை தெரியும், செய்யவும் மனம் இருந்தது, நேரத்தைத்தான் நாங்கள் கொடுக்கவில்லை. அவரைக் கோர்ஸுக்கு அனுப்பியிருந்தால் டிரேயை எப்படிக் கழற்றுவது என்று அவருக்கு இன்னொரு தடவை சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

*சாமான் இருக்கிறதா?*

வேனின் பின்கதவைத் திறந்து பாருங்கள். கேட்காதீர்கள், பாருங்கள். புதிய யூனிட் மாட்டியதும் பைப்பிலுள்ள காற்றையும் ஈரத்தையும் வேக்குவம் பம்ப் வைத்து இழுத்துவிட்டுத்தான் கேஸைத் திறக்க வேண்டும். கேஸ் ஆர்32 ஆனாலும் ஆர்410ஏ ஆனாலும் அதுதான் முறை. எங்களிடம் மூன்று வேனுக்கு இரண்டு பம்ப் இருந்தது. மூன்றாவது வேனில் போனவர்கள் பம்ப் வரும்வரை காத்திருக்காமல் கேஸை வைத்தே காற்றைத் தள்ளி முடித்துவிட்டார்கள். அந்த யூனிட்டுகள் கொஞ்ச மாதம் கழித்துக் குளிராமல் போயின. எங்கள் பதிவேட்டில் அது அந்தக் குழுவின் திறமைக் குறைவு என்று ஏறியிருந்தது. அந்தக் குழுவில் இருந்தவர்தான் மற்றவர்களுக்கு வேக்குவம் சொல்லிக் கொடுத்தவர்.

*நேரமும் சாமானும் இருந்தும் தவறுகிறதா?*

இப்போதுதான் திறமைப் பக்கம் வருகிறோம். "ஏர்கான் வேலை தெரியவில்லை" என்று எழுதினால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. "பைப் இணைப்பின் ஃபிளேர் முறுக்கும்போது டார்க் ரெஞ்ச் பிடிக்கவில்லை," "தண்ணீர் வடியும் டிரெய்ன் பைப்புக்குச் சரிவு வைக்கவில்லை" என்று படியைக் குறியுங்கள். ஒரு படி மட்டும் தவறினால் கோர்ஸ் தேவையில்லை. மூத்தவர் ஒருவருடன் அரைநாள் விட்டால் போதும். ஆனால் அந்த மூத்தவருக்கு அந்த அரைநாளுக்குக் காசு கொடுங்கள். இதை நான் அழுத்தியே சொல்கிறேன். சொல்லிக் கொடுக்கும் நேரத்தில் அவருடைய யூனிட் கணக்கு குறையும். அந்த நட்டத்தை அவர் தலையில் வைத்துவிட்டு, "அனுபவத்தைப் பகிர்ந்துகொள்ளுங்கள்" என்று கேட்பது நியாயமில்லை. அவரும் இரண்டாவது தடவை சொல்லிக் கொடுக்க மாட்டார்.

*வெளியாளைக் கூப்பிட வேண்டிய இடம்:* ஒரே படியில் மூன்று, நான்கு பேர் தவறினால் உள்ளே சொல்லிக் கொடுக்கும் ஆளுக்கே அது சரியாகத் தெரியவில்லை என்று பொருள். அப்போது அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்துக்குப் போங்கள். டபிள்யூஎஸ்கியூ என்ற ஊழியரணித் திறன் தகுதி முறை இங்கே 2005இலிருந்து இருக்கிறது. அதில் வேலையைச் செய்துகாட்டித் தேற வேண்டும் என்பதால் எனக்கு நம்பிக்கை அதிகம். தவறும் படி மின்சார இணைப்பு என்றால் சொல்லிக் கொடுக்கும் பேச்சே வேண்டாம். உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி 2: நன்றாகச் செய்துகொண்டிருந்தவர் திடீரென்று தளர்ந்துவிட்டார்

இந்த அறிகுறியில் திறமையைச் சந்தேகிக்கவே வேண்டாம். போன மாதம் தெரிந்த வேலை இந்த மாதம் மறந்துபோகாது.

*உடம்பா, வீடா?*

முதல் கேள்வி இதுதான். கூட்டத்தில் கேட்காதீர்கள். வேலை முடிந்து காப்பிக்கடையில் உட்கார்ந்து கேளுங்கள். "சாப்பிட்டீங்களா, தூங்குறீங்களா" என்று தொடங்கினால் போதும். ஊரில் அப்பாவுக்கு ஆபரேஷன், தங்குவிடுதியில் அறை மாறியதால் தூக்கமில்லை, தங்கை கல்யாணக் கடன். பாதி நேரம் பதில் இங்கேயே கிடைத்துவிடும். நான்கு நாள் லீவோ கொஞ்சம் முன்பணமோ கொடுத்தால் சரியாகிவிடும்.

*சம்பளச் சீட்டு சரியா?*

மூன்று வருடத்துக்கு முன் எங்கள் குழுவில் நம்பர் ஒன் என்று சொல்லத்தக்க ஒரு தம்பி இரண்டு மாதம் சோர்ந்துபோய்த் திரிந்தார். லேட்டாக வருவார், கேட்டால் பதில் பேச மாட்டார். முதலாளி எச்சரிக்கைக் கடிதம் கொடுக்கச் சொல்லிவிட்டார். கடிதத்தை அடிப்பதற்கு முன் அவருடைய சீட்டை வாங்கிப் பார்த்தேன். அடிப்படைச் சம்பளம் 1,800 வெள்ளி. மணிக்கணக்கு போடும் முறை எல்லாருக்கும் ஒன்றுதான்: 12 மாதச் சம்பளத்தை 52 வாரம், 44 மணி நேரத்தால் வகுக்க வேண்டும். 9 வெள்ளி 44 காசு வரும். ஓடி எனும் கூடுதல் நேர வேலைக்கு ஒன்றரை மடங்கு, 14 வெள்ளி 16 காசு. வீதம் சரியாகத்தான் இருந்தது. மணி நேரம்தான் குறைந்திருந்தது. கடைத்தொகுதி ஒன்றில் ராத்திரி வேலை செய்திருந்தார். நடுராத்திரி தாண்டி வெளியேறியதால் வருகைச் செயலி அந்த நாள்களை வெற்றாக விட்டுவிட்டது. மொத்தம் 17 மணி நேரம். 240 வெள்ளி 72 காசு.

"ஏன் தம்பி சொல்லவே இல்லை?" என்றேன்.

"நீங்கதான் வெட்டிட்டீங்கன்னு நெனச்சேண்ணே."

அன்று சாயங்காலமே காசைக் கொடுத்து மன்னிப்பும் கேட்டேன். அடுத்த வாரம் பழைய ஆளாகிவிட்டார். 240 வெள்ளி போனதைவிட, நான்தான் வெட்டினேன் என்று அவர் இரண்டு மாதம் நினைத்துக்கொண்டிருந்ததுதான் அவரைப் படுக்கவைத்தது. அதற்கப்புறம் ராத்திரி வேலை செய்தவர்களின் மணி நேரத்தை நானே கையால் கூட்டிப் பார்க்கிறேன்.

சரிபார்க்கும்போது சட்டத்தையும் நினைவில் வையுங்கள். சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம், 14 நாளுக்குள் ஓடிக்காசு. விவரம் பிரித்த சம்பளச் சீட்டு 2016 ஏப்ரல் முதல் கட்டாயம். ஓடி மாதத்துக்கு 72 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. உடலுழைப்புத் தொழிலாளி என்றால் 4,500 வெள்ளி வரையிலும், மற்ற ஊழியர் என்றால் 2,600 வெள்ளி வரையிலும் அடிப்படைச் சம்பளம் வாங்குபவர்களுக்கு இந்த ஓடி விதிகள் பொருந்தும்.

*சீட்டு சரி. வேலை அவர் தலையில் குவிகிறதா?*

ஆறு மாத அட்டவணையை எடுத்து, சிக்கலான வேலை யாருக்குப் போயிருக்கிறது என்று எண்ணுங்கள். எரிச்சல் பிடித்த வாடிக்கையாளர், மாடிக்கு வெளியே தொங்கும் கண்டென்சர், ஞாயிற்றுக்கிழமை அவசர அழைப்பு, எல்லாம் ஒரே பெயரில் இருக்கும். நமக்கு அது நம்பிக்கை. அவருக்கோ, நன்றாகச் செய்ததால் வந்த தண்டனை. பக்கத்தில் சுமாராகச் செய்பவர் அதே சம்பளத்தில் ஐந்தரைக்கு வீட்டுக்குப் போகிறார். கடினமான வேலைக்குத் தனியாகப் படிக்காசு வையுங்கள், இல்லையென்றால் சுற்றில் விடுங்கள்.

*புதிதாக வந்தவர் அவரைவிடக் கூட வாங்குகிறாரா?*

சந்தை ஏறும்போது புதியவருக்குக் கூடக் கொடுத்து எடுக்கிறோம், பழையவரை மறந்துவிடுகிறோம். தங்குவிடுதியில் சம்பள ரகசியம் என்று ஒன்று கிடையாது, ஒரு ராத்திரியில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். இதற்கு மருந்து சம்பளத்தைச் சமப்படுத்துவதுதான். விருந்து, பாராட்டுச் சான்றிதழ், மாதத்தின் சிறந்த ஊழியர் படம் எதுவும் இங்கே வேலை செய்யாது. நான் எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டேன்.

*திறமை ஏறியதால் வந்த லாபம் யாருக்குப் போனது?*

கட்டுமானத் துறை அனுமதிச்சீட்டில் ஆள் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். வெளிநாட்டு ஊழியருக்காக முதலாளி அரசாங்கத்துக்குக் கட்டும் மாதத் தீர்வை, 2024 ஜனவரி முதல், அடிப்படைத் திறன் ஊழியருக்கு 900 வெள்ளி, உயர்திறன் ஊழியருக்கு 500 வெள்ளி. ஒருவர் தேர்வு எழுதித் தேறினாலோ, இங்கே கட்டுமானத்தில் ஆறு வருட அனுபவமும் 1,600 வெள்ளி சம்பளமும் காட்டினாலோ மேல்நிலைக்குப் போகலாம். அவர் போனதும் நிறுவனத்துக்கு மாதம் 400 வெள்ளி மிச்சம். அந்த 400இல் அவருக்கு எவ்வளவு போகிறது? "ஒன்றும் இல்லை" என்பது பதிலானால், அவர் தளர்ந்ததற்குக் காரணம் கையிலேயே இருக்கிறது. பாதியைச் சம்பளத்தில் சேர்க்கும்படி எங்கள் முதலாளியிடம் பேசி வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து படித்தது அவர்கள்தானே. (தீர்வையை ஊழியர் சம்பளத்தில் பிடிப்பது சட்டப்படி குற்றம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இன்னும் சில இடத்தில் நடக்கிறது.)

*வெளியாளைக் கூப்பிட வேண்டிய இடம்:* இரண்டு வாரத்துக்கு மேல் தூங்காமல், சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் இருந்தால் நீங்களே வைத்தியம் பார்க்காதீர்கள். மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். 1771 என்ற தேசிய மனநல உதவி எண் இருக்கிறது. உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு வந்தால் 1767. வெளிநாட்டு ஊழியர்களுக்கு ஹெல்த்சர்வ் அமைப்பில் அவர்கள் மொழியிலேயே பேசலாம். சம்பளத் தகராறு உங்களுக்குள் தீரவில்லை என்றால் இழுக்காதீர்கள். அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம் சேர்ந்த முத்தரப்புக் கூட்டணியின் சமரசப் பிரிவான டாடெமுக்கு இரு தரப்பும் போகலாம். வேலையில் இருப்பவர் பிரச்சினை வந்து ஒரு வருடத்துக்குள்ளும், வேலையை விட்டவர் விட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள்ளும் போக வேண்டும். அங்கே தீராதது வேலை நியமன உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்குப் போகும். அங்கே உச்சவரம்பு 20,000 வெள்ளி, தொழிற்சங்கம் வழியாகப் போனால் 30,000.

அறிகுறி 3: பயிற்சிக்குப் போய் வந்தார், ஒன்றும் மாறவில்லை

*கற்றதைச் செய்ய வாய்ப்பு கொடுத்தீர்களா?* திரும்பி வந்த முதல் இரண்டு வார அட்டவணையைப் பாருங்கள். பெரிய கட்டடங்களுக்கான விஆர்வி ஏர்கான் கோர்ஸ் முடித்தவரை அடுத்த மூன்று மாதம் வீவக எனும் அரசாங்க அடுக்குமாடி வீட்டு சர்வீஸுக்கே அனுப்பினால் கற்றது கையில் ஏறாது. கோர்ஸுக்குப் பெயர் கொடுக்கும் முன்பே, வந்ததும் எந்த வேலை என்று எழுதி வையுங்கள். எழுத முடியவில்லை என்றால் அந்தக் கோர்ஸ் வேண்டாம்.

*சூப்பர்வைசர் என்ன சொன்னார்?* "அதெல்லாம் வகுப்புல, இங்க நம்ம ஸ்டைல்" என்று ஒரு வார்த்தை போதும். முறையாகக் கற்றவர் மறுநாளே பழைய வழிக்குத் திரும்பிவிடுவார். சூப்பர்வைசரையும் அதே வகுப்பில் ஒரு நாள் உட்காரவையுங்கள்.

*எந்த மொழியில் நடந்தது?* எங்கள் பையன்கள் வகுப்பில் தலையாட்டிவிட்டு வருவார்கள். வந்ததும் தமிழில் கேட்டால் பாதி புரிந்திருக்காது. இப்போது கோர்ஸ் முடிந்த மறுநாள் காலை அரைமணி நேரம், கற்றதைத் தமிழில் மற்றவர்களுக்குச் சொல்லச் சொல்கிறோம். புரியாத இடம் அங்கே வெளிவந்துவிடும்.

*சம்பளத்தில் ஒரு படியாவது ஏறியதா?* இதுதான் செலவான காரணம், அடிக்கடி வருவதும் இதுதான். திறனையும் சம்பளத்தையும் ஒரே ஏணியில் கட்ட வேண்டும் என்று இந்த ஊர் எப்போதோ முடிவுசெய்துவிட்டது. படிப்படியாக உயரும் சம்பள முறை 2014இல் துப்புரவுக்கும், 2016இல் நிலவனப்பு எனும் தோட்டப் பராமரிப்புக்கும் பாதுகாவலுக்கும், 2022இல் சில்லறை வணிகத்துக்கும், 2023இல் உணவுச் சேவைக்கும் வந்தது. அதில் இந்தப் பயிற்சி, இந்தப் பொறுப்பு, இதற்கு இவ்வளவு குறைந்தபட்சச் சம்பளம் என்று படிகள் உண்டு. அது சிங்கப்பூரருக்கும் நிரந்தரவாசிக்கும் மட்டும்தான். ஆனால் அதே மாதிரி ஏணியை உங்கள் பட்டறைச் சுவரில் எல்லாருக்கும் ஒட்டிவைக்க யாரும் தடுக்கவில்லை. எங்களுடையது ஒரே தாள்தான், நான்கு படி. எந்தப் படிக்கு என்ன செய்துகாட்ட வேண்டும், எவ்வளவு வெள்ளி என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் வங்காளியிலும் இருக்கிறது.

சிங்கப்பூரர்களாக இருந்தால் செலவுக்கு யோசிக்க வேண்டாம். 25 வயதானவர்களுக்கு 2016இலிருந்து 500 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் எனும் அரசாங்கப் பயிற்சித் தொகை கிடைக்கிறது. 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 2024 மே முதல் இன்னொரு 4,000 வெள்ளி. நாற்பத்தைந்து வயது அண்ணன் ஒருவர் அதைத் தொடாமலே வைத்திருந்தார், தனக்கு இல்லை என்று நினைத்து. கணக்கைத் திறந்து காட்டுங்கள்.

*வெளியாளைக் கூப்பிட வேண்டிய இடம்:* ஒரே நிலையத்துக்கு இரண்டு பேரை அனுப்பியும் இருவருக்கும் வேலை கைக்கு வரவில்லை என்றால், அனுப்பும் முன் திறனைச் சோதித்துச் சொல்லும் இடத்தைத் தேடுங்கள். பல சமயம் கோர்ஸின் நிலை ஆளுக்கு மேலேயோ கீழேயோ இருந்திருக்கும்.

அறிகுறி 4: ஊக்கத்தொகை போட்டதும் எண்ணிக்கை ஏறியது, தரம் விழுந்தது

நாங்கள் ஒரு யூனிட் கெமிக்கல் வாஷுக்கு 3 வெள்ளி போட்டோம். முதல் மாதம் எல்லாருக்கும் சந்தோஷம். இரண்டாவது மாதம், டிரேயைக் கழற்றாமல் மேலே மட்டும் ரசாயனம் அடித்த யூனிட்டுகள் திரும்பி வர ஆரம்பித்தன. பையன்கள் ஏமாற்றவில்லை. எதற்குக் காசு கொடுத்தோமோ அதைத்தான் கொடுத்தார்கள்.

*எதை எண்ணுகிறீர்கள்?* காசை உடனே கொடுக்காமல், 30 நாள் கம்ப்ளைன்ட் வராத யூனிட்டுக்கு மட்டும் கொடுங்கள். இந்த ஒரு மாற்றத்தில் பாதிக்கு மேல் சரியாகும்.

*எண்ணுவது அவர் கையில் இருக்கிறதா?* பொங்கோலில் புது வீவக வீடுகள், ஒரு புளோக்கிலேயே ஐந்து வேலை. செந்தோசாவில் ஒவ்வொரு வீட்டுக்கும் நுழைவு அனுமதி, அப்புறம் வேன் ஓட்டம். பொங்கோல் குழு கூட வாங்கும், செந்தோசா குழு முணுமுணுக்கும். அடுத்ததாக அட்டவணை போடும் பெண்ணுக்கு யார் காப்பி வாங்கிக் கொடுப்பது என்று போட்டி வரும். வட்டாரத்துக்கு வட்டாரம் இலக்கை மாற்றுங்கள், இல்லையென்றால் மாதம் ஒரு முறை குழுக்களை இடம் மாற்றுங்கள்.

*எல்லைக்கோடு வைத்திருக்கிறீர்களா?* "60 தாண்டினால் 150 வெள்ளி" என்று வைத்தால், 20ஆம் தேதியே தாண்டியவர் நிதானமாகிவிடுவார். 28ஆம் தேதி 52இல் நிற்பவர் கைவிட்டுவிடுவார், அல்லது அவசரத்தில் கெடுப்பார். கோட்டை எடுத்துவிட்டு ஒவ்வொரு யூனிட்டுக்கும் கொடுங்கள்.

*தனி ஆளுக்கா, குழுவுக்கா?* இருவராகச் செய்யும் வேலைக்கு ஒருவர் பெயரில் காசு போட்டால் அடுத்தவர் ஏணியைப் பிடிக்க மாட்டார். குழுவுக்குப் போட்டுப் பிரித்துக் கொடுங்கள்.

இவ்வளவும் செய்தும் தரம் ஏறவில்லையென்றால் ஊக்கத்தொகையை நிறுத்திவிடலாமா என்று கேட்பார்கள். திடீரென்று நிறுத்தாதீர்கள். ஊரில் வீடு கட்ட அதைக் கணக்கில் சேர்த்திருப்பார்கள். சராசரித் தொகையை அடிப்படைச் சம்பளத்தில் சேர்த்துவிட்டு, இரண்டு மாதம் முன்பே சொல்லி எடுங்கள். தொகை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தால் எடுக்கும் முன் மனிதவள ஆலோசகர் ஒருவரிடம் காட்டுங்கள். அந்தச் செலவு வீண் இல்லை.

அறிகுறி 5: போனஸ் வாங்கியதும் ராஜினாமாக் கடிதம் வருகிறது

டிசம்பரில் பதின்மூன்றாம் மாதச் சம்பளம், சீனப் புத்தாண்டு முடிந்ததும் கடிதம். நன்றியில்லை என்று முதலாளிகள் மனம் நோகிறார்கள். அவர் முடிவெடுத்தது ஆகஸ்டில், போனஸுக்காகத்தான் காத்திருந்தார். அதனால் ஆகஸ்டைப் பாருங்கள்: பொறுப்பு கூடியதா, அடுத்த படி என்ன என்று யாராவது அவரிடம் பேசினார்களா?

பதின்மூன்றாம் மாதச் சம்பளம் சட்டப்படி கட்டாயம் இல்லை. ஒப்பந்தத்தில் இருந்தால் கொடுத்தே ஆக வேண்டும். எத்தனையோ மனஸ்தாபம் அது எழுதப்படாமல் விட்டதால்தான். ஒப்பந்தத்தைத் திறந்து பாருங்கள்.

வேலை அனுமதிச்சீட்டுக்காரர்களுக்கு இன்னொரு தேதி முக்கியம். கட்டுமானத் துறையில் சீட்டு முடிவதற்கு 40 நாளிலிருந்து 21 நாளுக்குள், இப்போதைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே அவர் வேறு நிறுவனத்துக்கு மாறலாம். அந்த நாள்களில் போய்ச் சம்பளம் பேசினால் கெஞ்சுவதாகத்தான் இருக்கும். மூன்று மாதம் முன்பே பேசுங்கள்.

அறிகுறி 6: சொன்னால் செய்கிறார், தானாகச் செய்வதில்லை

சோம்பல் என்று எழுதிவிடாதீர்கள். கடைசியாக அவராக முடிவெடுத்தபோது என்ன நடந்தது என்று கேளுங்கள். எங்கள் ஆள் ஒருவர் வாடிக்கையாளர் வீட்டில் கெப்பாசிட்டர் போயிருந்ததைக் கண்டு, பக்கத்துக் கடையில் 18 வெள்ளிக்கு வாங்கி மாட்டிவிட்டு வந்தார். அலுவலகத்தில் "யாரைக் கேட்டு வாங்கினாய்?" என்று கேட்டார்கள். காசு கிடைக்க மூன்று வாரம் ஆனது. அதற்கப்புறம் அவர் எதைப் பார்த்தாலும் படம் எடுத்து அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை படிக்கட்டில் உட்கார்ந்திருப்பார். அந்தக் குடும்பம் வியர்வையில் காத்திருக்கும்.

ஒவ்வொரு வேனிலும் ஒரு உறையில் 50 வெள்ளி வைத்தோம். ரசீது மட்டும் போதும், யாரையும் கேட்க வேண்டாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கணக்குப் பார்த்து உறையை நிரப்புகிறேன். முதல் மாதம் யாரும் தொடவில்லை. இரண்டாவது மாதம் அந்த ஆள்தான் முதலில் திறந்தார். 12 வெள்ளி ரசீதும் மீதி 38 வெள்ளியும் மடித்து வைத்திருந்தார்.